பெங்களூரில் படித்துக்கொண்டே சம்பாதிக்க: டியூஷனா, டெலிவரியா, இன்டர்ன்ஷிப்பா?

போன மாதம் ஆம்பூரிலிருந்து என் சித்தி மகன் பெங்களூருக்குப் படிக்க வந்தான். பி.காம். முதல் வருடம். கல்லூரி ஒசூர் ரோட்டுப் பக்கம். தங்குவது மடிவாளாவில், மூன்று பேர் பங்கு போடும் ஒரு பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) அறையில். வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவன், ரசம் ஊற்றுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டான். "அக்கா, பார்ட் டைமா ஏதாவது வேலை பாக்கணும். டெலிவரிக்குப் போகட்டுமா, இல்ல இன்டர்ன்ஷிப் தேடட்டுமா? எதுல காசு ஜாஸ்தி?"

நான் பிறந்து வளர்ந்தது பெங்களூரிலேயே, அல்சூர் பக்கம் மர்ஃபி டவுன். 2021-லிருந்து 2024 வரை பி.காம். படித்த மூன்று வருடத்தில் டியூஷன் எடுத்தேன், ஒரு கிறிஸ்துமஸ் சீசன் முழுக்கத் துணிக்கடையில் நின்றேன், கடைசி வருடம் ஒரு ஸ்டார்ட்-அப்பில் இன்டர்ன் ஆனேன். தம்பி டெலிவரி ஓட்டினான். அதனால் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் 'எதில் காசு ஜாஸ்தி' என்ற கேள்வியிலேயே ஒரு கோணல் இருக்கிறது. பெங்களூரில் ஒரு வேலையின் சம்பளத்தைப் பாதி முதலாளி முடிவு செய்கிறார், மீதியை, டிராஃபிக்குக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னல் முடிவு செய்கிறது.

எனவே மாதம் எவ்வளவு என்று பார்க்காதீர்கள். செலவு போகக் கையில் நிற்பதை, வேலை நேரத்தோடு போகவர ஆகும் நேரத்தையும் கூட்டி வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு இன்டர்ன்ஷிப், மாதம் 8,000 ரூபாய் ஸ்டைபெண்ட். வாரம் ஐந்து நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், எங்கள் வீட்டிலிருந்து போகவர இரண்டரை மணி நேரம் என்று வையுங்கள். மாதம் 22 நாளுக்கு 143 மணி நேரம். போக்குவரத்துக்கு நாளுக்கு 80 ரூபாய் போனால் 1,760. மிச்சம் 6,240. மணிக்கு 44 ரூபாய்கூட இல்லை. அதுவே பக்கத்துத் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன், மாதம் 3,000. தினம் ஒன்றேகால் மணி நேரம், நடந்து போய்வர இருபது நிமிடம். மொத்தம் 35 மணி நேரம். மணிக்கு 86 ரூபாய். 8,000-ஐ விட 3,000 பெரிது என்று சொன்னால் சித்தி மகன் சிரிக்கிறான். கணக்குப் போட்டுக் காட்டினேன். பி.காம். பையனாயிற்றே, மறுக்க முடியவில்லை.

இன்னொன்று அட்டென்டன்ஸ். பெரும்பாலான கல்லூரிகளில் 75 சதவீதம்; வி.டி.யு. (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) பொறியியல் கல்லூரிகளில் 85. அதற்குக் கீழே போனால் கல்லூரி முதல்வர் அறை வாசலில், குறைவை மன்னிக்கக் கேட்கும் கண்டோனேஷன் லெட்டரோடு நிற்க வேண்டும். பகல் நேரத்தைத் தின்னும் எந்த வேலையும் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு செமஸ்டரை எடுத்துக்கொண்டு போய்விடும்.

சரி, டியூஷனிலிருந்தே தொடங்குகிறேன். என் பாரபட்சத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் இரண்டு வருடத்துக்கு இதற்கு ஈடு வேறு எதுவும் இல்லை. எனக்கு முதல் டியூஷன் பிடித்துக் கொடுத்தது எந்த ஆப்பும் இல்லை, தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர். எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், எந்தப் பள்ளிச் சீருடை, எந்த அம்மா ஆபீஸிலிருந்து எட்டு மணிக்குத்தான் வருகிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "நம்ம ஏரியா பொண்ணு, பி.காம். படிக்குது" என்று அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் என் பயோடேட்டா. ஜெராக்ஸ் கடையில் ஒரு சீட்டு ஒட்டினேன். அதில் ஒருவர்கூட வரவில்லை.

ஐந்தாவது படிக்கும் ஒரு பையன், இரண்டாவது படிக்கும் அவன் தங்கை. பெரியவனுக்குப் பின்னக் கூட்டல். கீழெண்கள் வேறாக இருந்தால் மீச்சிறு பொது மடங்கு எடுக்க வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, அவன் மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டிக்கொண்டே இருந்தான். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு! "அரையை விடக் குறைஞ்சுபோச்சே, பாதி எங்கடா போச்சு?" என்று கேட்டேன். பென்சில் முனையைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் அந்த விடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே அழித்தான். அதுவரை அந்தப் பாடம் எனக்கும் மனப்பாடமாகத்தான் தெரிந்திருந்தது.

நல்ல காசு வருவது இரண்டாம் பி.யு.சி. (தமிழ்நாட்டில் பிளஸ் டூ) அக்கவுண்டன்சியில். கர்நாடகப் பாடத்தில் பார்ட்னர்ஷிப் கணக்குகள் பிள்ளைகளைப் படுத்தி எடுத்துவிடும்: புது பார்ட்னர் சேருவது, பழையவர் விலகுவது, குட்வில். பி.காம். படிப்பவர்களுக்கு இது சுத்தமாகத் தெரிந்த விஷயம், கட்டணமும் சின்ன வகுப்பை விட அதிகம் கேட்கலாம். பொறியியல் மாணவர்களுக்கு இதே இடத்தில் பி.யு.சி. கணிதமும் இயற்பியலும்.

குறைகளும் உண்டு. ஏப்ரல், மே மாதம் வருமானம் கிடையாது. பிள்ளைக்குப் பரீட்சை வரும் அதே வாரம் உங்களுக்கும் இன்டர்னல்ஸ் வரும். மார்க் குறைந்தால் பழி டீச்சர் தலையில். சம்பளம் ஐந்தாம் தேதி என்றால் பன்னிரண்டாம் தேதி. கேட்கவும் கூச்சம், கேட்காமல் இருக்கவும் முடியாது. நான் கடைசியில் 'மாதத் தொடக்கத்திலேயே' என்று மாற்றிக்கொண்டேன். முதல் மாதமே அப்படிச் சொல்லிவிடுங்கள், பிறகு மாற்றுவது கஷ்டம். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, இது ஊர்க்காரர்களுக்கான வேலை. ஆம்பூரிலிருந்து வந்து பி.ஜி.யில் தங்கியிருக்கும் ஒரு பையனை யாரும் எடுத்தவுடன் வீட்டுக்குள் விட மாட்டார்கள். அவனுக்கு இஸ்திரிக்காரர் சாட்சி சொல்ல ஆறு மாதமாவது ஆகும்.

டெலிவரிக்கு அந்தச் சாட்சி தேவையில்லை, அதுதான் அதன் பலம். ஆதார், பான், வங்கிக் கணக்கு, லைசென்ஸ் இருந்தால் டெலிவரி ஆப்பில் ஐடி கிடைத்துவிடும். லைசென்ஸ் இல்லையென்றாலும் வழி இருக்கிறது: மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட் வரையிலான மோட்டார் கொண்ட மின் வண்டிக்கு லைசென்ஸும் வேண்டாம், பதிவெண்ணும் வேண்டாம். யூலு மாதிரி வாடகைக்குக் கிடைக்கும் நீல வண்டிகளில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். நேரமும் உங்கள் கையில். வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு லாகின் செய்து பதினொன்றுக்கு முடித்துக்கொள்ளலாம்.

கணக்குக்கு வருவோம். ஐந்து மணி நேரத்தில் பத்து ஆர்டர், சராசரி 40 ரூபாய் என்று வைத்தால் 400. ஓடியது 50 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் நூறைத் தாண்டிவிட்ட ஊரில், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 30 காசு, ஆக 115. டயர், ஆயில், பிரேக் ஷூ என்று கிலோமீட்டருக்கு இன்னொரு ரூபாயாவது ஒதுக்குங்கள். மிச்சம் 235, மணிக்கு 47 ரூபாய். இத்தனை ஆர்டர் முடித்தால் என்று தரும் இன்சென்டிவ் வந்தால் இது ஏறும். ஆனால் இன்சென்டிவ் எப்போதும் இன்னும் இரண்டு ஆர்டர் தூரத்தில்தான் இருக்கும். அந்த இரண்டுக்காகப் பன்னிரண்டு மணி வரை ஓட்டிவிட்டு மறுநாள் முதல் பீரியடில் என் தம்பி தூங்கியிருக்கிறான்.

அவனைப் பார்க்க ஒருநாள், அவன் ஆர்டர் எடுக்கும் டார்க் ஸ்டோர் (ஆன்லைன் ஆர்டருக்கு மட்டுமான கிடங்கு) வாசலுக்குப் போனேன். ஷட்டரை ஒட்டி நடைபாதையில் பதினைந்து பேர், எல்லோர் கையிலும் போன், ஒருவரும் பேசவில்லை. ஒரு போன் 'டிங்' என்றதும் பதினைந்து தலைகளும் நிமிர்ந்து, பதினான்கு தலைகள் மறுபடி குனிந்தன. அந்தக் காத்திருப்புக்குக் காசு இல்லை. மழை வந்தால் காசு கூடும், ஆனால் அன்றைக்குச் சாலையும் ஏரியாகிவிடும்.

யாரும் சொல்லித்தராத ஒன்று இன்சூரன்ஸ். சொந்த உபயோகத்துக்கென்று எடுக்கும் இருசக்கர வாகன பாலிசியில், சொந்தச் சாமான் தவிர வேறு சரக்கு ஏற்றிச் செல்வதற்குப் பொருந்தாது என்று சின்ன எழுத்தில் இருக்கும். அப்பாவின் ஸ்கூட்டரில் பிரியாணி கொண்டுபோய் எங்காவது மோதினால் கிளெய்ம் சிக்கலாகலாம். கம்பெனி தரும் விபத்துக் காப்பீடு எவ்வளவு, எப்போது பொருந்தும் என்பதைச் சேரும் முன்பே ஆப்பில் தேடிப் படியுங்கள். கர்நாடகத்தில் 2025-ல், ஆப் வழியாக வேலை செய்பவர்களுக்கான கிக் தொழிலாளர் நலச் சட்டம் வந்திருக்கிறது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 1 முதல் 5 சதவீதம் வரை கம்பெனிகளிடமிருந்து நல நிதிக்கு வசூலிக்க அதில் இடம் உண்டு. பகுதி நேரம் ஓட்டுபவர் என்றாலும் பதிவு செய்துகொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பைக் டாக்ஸியை மட்டும் நம்பி வண்டிக்குத் தவணை போடாதீர்கள். 2025 ஜூனில் நீதிமன்ற உத்தரவால் அது ஒரே நாளில் நின்றபோது, தவணை நிற்கவில்லை.

கடை வேலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரிகேட் ரோடு, கமர்ஷியல் ஸ்ட்ரீட், மால்கள், எல்லா இடத்திலும் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஆள் எடுப்பார்கள். நான் நின்ற கடையில் மொத்தம் ஒரு ஸ்டூல், அது பில் போடுபவருக்கு. சட்டையை மடித்து வைத்து நிமிர்வதற்குள் இன்னொருவர் அதைப் பிரித்துவிடுவார். இரவு வீட்டுக்கு வந்து வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அம்மா ஒன்றும் கேட்க மாட்டாள். ஒரு மாதம் நிற்கலாம், படிப்போடு வருடம் முழுக்க நிற்பது என்னால் ஆகாது. ஒன்று உண்மை: கன்னடம், இந்தி, ஆங்கிலம், தமிழ் நான்கையும் மாற்றி மாற்றிப் பேசத் தெரிந்தவருக்குக் கடையில் மதிப்பு. அல்சூர், ஸ்ரீராமபுரம் பிள்ளைகளுக்கு அது தெருவிலேயே வந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் 'கன்னட கொத்தில்ல' (கன்னடம் தெரியாது) என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் ஐம்பது வாக்கியமாவது கற்றுக்கொள்ளுங்கள். எந்த வேலைக்குப் போனாலும் அது பயன்படும்.

இன்டர்ன்ஷிப்புக்கு வருகிறேன். இதில்தான் நான் சூடுபட்டேன். கோரமங்களாவில் ஒரு சின்னக் கம்பெனி. பேச்சு மாதம் 10,000. முதல் மாதம் வந்தது. இரண்டாவது மாதம் 'ஃபண்டிங் வந்ததும்', மூன்றாவது மாதம் 'சர்டிஃபிகேட் தருகிறோமே'. கையில் ஆஃபர் லெட்டர் இல்லை, வாட்ஸ்அப் மெசேஜ்தான் இருந்தது. அதிலும் தொகை எழுதப்படவில்லை. 20,000 ரூபாய் போனது போனதுதான். எனவே சொல்கிறேன்: தொகை, நாள், என்ன வேலை, யாரிடம் ரிப்போர்ட் செய்வது, இந்த நான்கும் மின்னஞ்சலில் வராமல் லேப்டாப்பைத் திறக்காதீர்கள்.

இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் வருவதில் பாதி, ஃபோன் போட்டு ஆள் பிடிக்கும் விற்பனை வேலை. 'பிசினஸ் டெவலப்மென்ட்' என்றும் 'பர்ஃபார்மன்ஸ் பேஸ்ட்' என்றும் பார்த்தால், டார்கெட் எட்டாவிட்டால் காசு இல்லை என்று பொருள். இதைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவதில் உண்மையான சரக்கு இருக்கிறது. எனக்கு வேலைக்கான இன்டர்வியூவில் பேச விஷயம் கிடைத்தது அந்த மூன்று மாதத்தில்தான்: ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டேன், எக்செல் ஒழுங்காகக் கற்றேன். காசு போனாலும் அது என்னிடம் தங்கியது. அதனால் இன்டர்ன்ஷிப்பைச் சம்பாத்தியமாக வைத்துப் பார்க்காமல் படிப்புச் செலவாக வைத்துப் பாருங்கள்; அப்போது அதற்குச் சரியான நேரம் முதல் வருடம் அல்ல, நான்காவது செமஸ்டர் விடுமுறைக்குப் பிறகுதான் என்பது விளங்கும். பி.காம். காரர்களுக்கு ஸ்டார்ட்-அப்பை விட, தெருவுக்கு ஒன்று இருக்கும் ஆடிட்டர் ஆபீஸ் மேல். ஸ்டைபெண்ட் சொற்பம், ஆனால் கற்றுக்கொள்வது நிறைய, பஸ் செலவும் மிச்சம்.

போக்குவரத்தைத் திரும்பவும் இழுக்கிறேன், மன்னிக்கவும். 2025 ஆகஸ்டில் மஞ்சள் மெட்ரோ திறந்த பிறகு அல்சூரிலிருந்து சில்க் போர்டுக்கு முழுக்க ரயிலிலேயே போகலாம் என்பது உண்மை. ஆனால் மெஜஸ்டிக்கில் மாறி, ஆர்.வி. ரோட்டில் மறுபடி மாறி, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற பயணம் அது. பெண்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது: 2023 ஜூனிலிருந்து சாதாரண பி.எம்.டி.சி. பஸ்ஸில் கட்டணம் இல்லை. ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். தமிழ்நாட்டு ஆதாரோடு வரும் தங்கைகள் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வரியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில கம்பெனிகள் ஸ்டைபெண்டில் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். வருட வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் என்று மாதம் 5,000 ரூபாய் தருவதைப் பற்றியும் கேட்கிறார்கள். 2024-ல் அறிமுகமானபோது போட்ட விதிப்படி அது 21 முதல் 24 வயதுக்காரர்களுக்கு. அந்த விதிப்படி முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இடமில்லை.

பி.பி.ஓ.வில், அதாவது கால் சென்டர் மாதிரி இடங்களில், 'தமிழ் ப்ராசஸ்' என்று வாக்-இன் போர்டுகள் பார்ப்பீர்கள். தமிழ் நன்றாகப் பேசத் தெரிந்தால் போதும், மாதச் சம்பளம் மேலே சொன்ன எல்லாவற்றையும் விட அதிகம். ஆனால் அது பகுதி நேரம் இல்லை. ஒன்பது மணி நேர ஷிஃப்ட், வாரம் ஆறு நாள், ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். பகல் கல்லூரியோடு ஒட்டாது. குடும்பத்துக்குச் சம்பளம் கட்டாயம் தேவை என்றால், வேலையை முதலில் வைத்துக்கொண்டு, சேஷாத்ரிபுரம் மாதிரி மாலைக் கல்லூரியிலோ இக்னோவிலோ படிப்பது நேர்மையான வழி. இரண்டு குதிரையில் கால் வைத்து அட்டென்டன்ஸ் இழந்தவர்களை எனக்குத் தெரியும். ஒரிஜினல் மார்க் கார்டை மட்டும் எந்த நிறுவனத்திடமும் விட்டுவைக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

அப்புறம் கேட்டரிங். இதை யாரும் 'கரியர்' என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் வெளியூர்ப் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். முகூர்த்த சீசனில் அரண்மனை மைதானத்திலிருந்து ஒசூர் ரோட்டு மண்டபங்கள் வரை பரிமாற ஆள் தேவை. சாயங்காலம் நான்குக்குப் போனால் நள்ளிரவில் முடியும். ஒரு நாளுக்கு 700 என்று வைத்தால், போகவர இரண்டு மணி சேர்த்து மணிக்கு 70. அன்றைக்கே கையில் காசு, வயிறு நிறையச் சாப்பாடு. வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், கறுப்பு ஷூ நம்முடையது. பரீட்சை வாரம் 'வரலைண்ணா' என்று ஒரு மெசேஜ் போட்டால் போதும், ஐடி பிளாக் ஆகாது. குறை என்னவென்றால் ஆடி மாதம் மாதிரி முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஒன்றுமில்லை, நள்ளிரவில் திரும்பிவர வழி முன்பே பேசிக்கொள்ள வேண்டும். பெண்களுக்கு வரவேற்பில் நிற்கும் வேலை வரும். வண்டி ஏற்பாடு செய்வதாக ஏஜென்ட் எழுதித் தராவிட்டால் நான் போகமாட்டேன்.

வேலையே இல்லாத வேலைகளும் உண்டு. டெலிகிராமில் ஓட்டலுக்கு ரிவ்யூ போடு, 150 ரூபாய் என்று முதல் நாள் உண்மையாகவே கொடுப்பார்கள். நான்காவது நாள் 'ப்ரீபெய்டு டாஸ்க்' என்று 5,000 கட்டச் சொல்வார்கள். டேட்டா என்ட்ரி அக்ரிமென்ட் போட்டுவிட்டு, பிழை விட்டாய், வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டுவது இன்னொரு வகை. இவை எல்லாவற்றையும் விட ஆபத்தானது, 'உன் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடு, மாதம் இவ்வளவு' என்பது. திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். வேலை தருவதற்கு நம்மிடம் பணம் கேட்பவரோடு அடுத்த வாக்கியம் பேச வேண்டியதில்லை.

இத்தனையும் கேட்டுவிட்டுச் சித்தி மகன் சொன்னது, "அக்கா, என்கிட்ட வண்டியே இல்லையே!" அதை முதலிலேயே சொல்லியிருந்தால் டெலிவரி பாகத்தைச் சுருக்கியிருப்பேன். அவனுக்கு நான் போட்டுக் கொடுத்தது இவ்வளவுதான்: இந்த வருடம் சனி, ஞாயிறு கேட்டரிங், மடிவாளாவில் நாலு பேருக்கு முகம் பழகியதும் பி.யு.சி. அக்கவுண்டன்சி டியூஷன், மூன்றாம் வருடம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். இன்டர்ன்ஷிப் என்ற சொல்லை அதுவரை மறந்துவிடச் சொன்னேன். முகத்தைப் பார்த்தால் முழுசாக ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை. ஆனாலும் நேற்று அவனுக்கு பொம்மனஹள்ளியில் ஒரு கல்யாணம். கறுப்பு பேன்ட் இல்லையென்று காலையிலேயே வந்து தம்பியுடையதை வாங்கிக்கொண்டு போனான். இடுப்பில் இரண்டு அங்குலம் பெரிது. பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட அம்மா ஆணியையும் சுத்தியலையும் தேடிக்கொண்டிருந்தாள்.